உலகைத் தரவுகளில் பார்ப்போம்: வரைபடம் வாசிக்கவும் வரையவும் முழுமையான வழிகாட்டி

உலகில் கரியமில வாயுவை மிக அதிகமாக வெளியிடும் நாடு எது? ஓர் ஆண்டின் மொத்தத்தை எடுத்தால் சீனா. அதையே மக்கள்தொகையால் வகுத்தால் கத்தார் முன்வரிசைக்கு வந்துவிடுகிறது. தொழிற்புரட்சிக் காலத்திலிருந்து இன்றுவரை வெளியானதையெல்லாம் கூட்டினால் அமெரிக்கா. மூன்று விடையும் சரிதான். மூன்றுக்கும் தனித்தனியே உலக வரைபடம் உண்டு. ஒவ்வொன்றிலும் அடர்ந்த நிறம் வேறு வேறு மண்ணில் விழுகிறது.

இன்று இணைய வசதியுள்ள எவரும் உலகின் வெப்பநிலையையும், கடலடிக் கேபிள்களையும், மொழிகளின் பரவலையும் கட்டணமின்றிப் பார்க்க முடியும். ஆய்வாளர்கள் பயன்படுத்தும் அதே தரவுதான் நமக்கும் கிடைக்கிறது. நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எதை எண்ணினார்கள், எதனால் வகுத்தார்கள், யார் எப்படி அளந்தார்கள் என்று கேட்கும் பழக்கம் மட்டும் வேண்டும். அந்தப் பழக்கம் இல்லாமல் நூறு வரைபடம் பார்த்தாலும் நிறங்கள்தான் மிஞ்சும். கீழுள்ள படிகளை வரிசையாகச் செய்து பாருங்கள். கடைசியில் உங்கள் கையாலேயே ஓர் உலக வரைபடம் உருவாகும்.

படி 1: கேள்வியைக் கூர்மையாக்குங்கள்

‘பருவநிலை மாற்றம்’ என்பது தலைப்பு. ‘1990க்குப் பிறகு வியட்நாமில் ஓர் ஆள் கணக்கில் கரியமில வாயு எவ்வளவு கூடியது?’ என்பதுதான் கேள்வி. எது, எங்கே, எந்தக் காலத்தில் என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. தளத்தைத் திறப்பதற்கு முன் இந்த ஒரு வரியைத் தாளில் எழுதிவையுங்கள்.

வரைபடத்தின் வரலாற்றில் எல்லோரும் சொல்லும் எடுத்துக்காட்டு ஜான் ஸ்நோ. 1854இல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவியபோது, இறந்தவர்களை வீடு வீடாகக் குறித்து, பிராட் தெருவின் தண்ணீர் பம்பைச் சுற்றியே சாவுகள் குவிந்திருப்பதைக் காட்டியவர் அவர். ஆனால் காலரா தண்ணீர் வழியாகப் பரவுகிறது என்ற எண்ணத்தை அவர் 1849லேயே எழுதி வெளியிட்டுவிட்டார். கேள்வி முதலில் வந்தது. அதைச் சோதிக்க வரைபடம் பின்னால் வந்தது. நாமும் அந்த வரிசையை மாற்றாமல் இருப்பது நல்லது.

படி 2: எதனால் வகுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்

தொடங்குவதற்கு மிக ஏற்ற தளம் ‘அவர் வேர்ல்ட் இன் டேட்டா’. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் மாக்ஸ் ரோசர் தொடங்கியது. அதன் தேடல் பெட்டியில் கரியமில வாயு பற்றிய பக்கத்தைத் தேடித் திறங்கள். ஒரே தரவை வரைபடமாகவும், கோட்டுப்படமாகவும், அட்டவணையாகவும் மாற்றிப் பார்க்கப் படத்தின் மேலே பொத்தான்கள் இருக்கும். கீழே ஆண்டுகளை நகர்த்தும் பட்டை இருக்கும். அதைப் பிடித்து மெல்ல இழுத்தால் இரு நூற்றாண்டு வரலாறு கண்ணெதிரே நகரும்: முதலில் பிரிட்டன் மட்டும் நிறம் ஏறும், பிறகு மேற்கு ஐரோப்பா, பிறகு அமெரிக்கா, மிகவும் பிந்தித்தான் ஆசியா.

இப்போது மொத்த வெளியீடு, தலா வெளியீடு, இதுவரையிலான கூட்டுத்தொகை என்ற மூன்று படங்களையும் அடுத்தடுத்துத் திறந்து இந்தியாவை மட்டும் கவனியுங்கள். மொத்தத்தில் இந்தியா உலகில் மூன்றாம் இடம். தலா கணக்கில் ஏறத்தாழ 2 டன். உலகச் சராசரியான 4.7 டன்னில் பாதிகூட இல்லை. அமெரிக்காவில் அது 14 டன்னை ஒட்டி இருக்கிறது. வரலாற்றுக் கூட்டுத்தொகையில் அமெரிக்காவின் பங்கு ஏறக்குறைய நான்கில் ஒன்று. இந்தியாவின் பங்கு 4 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. பருவநிலை மாநாடுகளில் ஆண்டுதோறும் நடக்கும் வாக்குவாதத்தின் பெரும்பகுதி, இந்த மூன்றில் எந்தப் படத்தை மேசைமேல் வைப்பது என்பதைப் பற்றியதுதான். ஒரே ஒரு படத்தைக் காட்டுபவர் பொய் சொல்வதில்லை. ஆனால் எந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டும் என்பதை நமக்காக அவரே முடிவு செய்துவிடுகிறார்.

நான்காவது படமும் உண்டு. சீனாவில் தயாராகி ஐரோப்பாவில் விற்கப்படும் பொருளின் புகையை யார் கணக்கில் எழுதுவது? நுகர்வு அடிப்படையிலான வெளியீடு என்ற வரைபடம் அதை வாங்கியவர் கணக்கில் எழுதுகிறது. அதில் ஐரோப்பிய நாடுகள் பலவற்றின் எண் கூடும். சீனாவின் எண் குறையும்.

இதோடு ‘கேப்மைண்டர்’ தளத்தையும் பார்த்துவிடுங்கள். ஹான்ஸ் ரோஸ்லிங், அவர் மகன் ஓலா, மருமகள் அன்னா மூவரும் 2005இல் தொடங்கியது. அதன் குமிழிப்படத்தில் ஒவ்வொரு நாடும் ஒரு குமிழி. குமிழியின் அளவு மக்கள்தொகை, நிறம் கண்டம். வருமானமும் ஆயுளும் ஆண்டுக்கு ஆண்டு மாறும்போது குமிழிகள் நகர்வதைப் பார்க்கலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அதில் வருமான அச்சு 1000, 2000, 4000 என்று இரட்டித்துக்கொண்டே போகும். ஏழை நாடும் பணக்கார நாடும் பக்கத்தில் நிற்பதுபோலத் தெரிந்தாலும் நடுவே பல மடங்கு தூரம் இருக்கிறது.

படி 3: படத்தின் உருவத்தைச் சரிபாருங்கள்

கைப்பேசி வரைபடங்களில் நாம் பழகிய உருவம் 1569இல் மெர்கேட்டர் கப்பலோட்டிகளுக்காக வரைந்த முறையின் வழிவந்தது. திசைக்கோணம் பிசகாது என்பது அதன் பலம். துருவத்தை நெருங்க நெருங்க நிலப்பரப்பு ஊதிப் பெருக்கும் என்பது அதன் விலை. அதில் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் ஏறக்குறைய ஒரே அளவாகத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா 14 மடங்கு பெரியது.

வழி கேட்க மெர்கேட்டர் போதும். நாடுகளுக்கு நிறம் தீட்டி ஒப்பிடுவதற்கு அது கூடாது. பெரிதாகத் தெரியும் நிறம்தான் மனதில் நிற்கும். பரப்பளவு மாறாத முறையில் வரைந்த படத்தைத் தேர்ந்தெடுங்கள். 2018இல் வெளியான ‘ஈக்வல் எர்த்’ அத்தகையது, பார்க்கவும் அழகானது.

படி 4: வெப்பமும் நீரும் காடும்

பருவநிலைத் தரவுகளில் புதியவர்கள் முதலில் குழம்பும் இடம், வெப்பநிலை வேறுபாடு. நாசாவின் உலக வெப்பநிலைத் தரவு 1880இலிருந்து தொடங்குகிறது. அது ‘இன்று இத்தனை டிகிரி’ என்று சொல்வதில்லை. 1951 முதல் 1980 வரையிலான சராசரியைவிட எவ்வளவு கூட, எவ்வளவு குறைவு என்று சொல்கிறது. ஐரோப்பாவின் கோப்பர்நிகஸ் பருவநிலைச் சேவை 1991–2020 சராசரியை அடிப்படையாகக் கொண்டும், தொழில்மயத்துக்கு முந்திய நிலைக்கு 1850–1900 சராசரியைக் கொண்டும் கணக்கிடுகிறது. அடிப்படை ஆண்டுகள் மாறினால் எண்ணும் மாறும். 2024ஆம் ஆண்டு தொழில்மயத்துக்கு முந்திய அளவைவிட 1.6 டிகிரி செல்சியஸ் கூடுதல் என்கிறது கோப்பர்நிகஸ். இந்த எண்ணை நாசாவின் வேறுபாட்டு எண்ணோடு நேரடியாக ஒப்பிட்டால் முரண்போலத் தோன்றும். முரண் ஏதும் இல்லை. எண்ணைக் குறித்துக்கொள்ளும்போதே அடிப்படை ஆண்டுகளையும் பக்கத்தில் எழுதுங்கள்.

இந்த வரைபடங்களில் வடதுருவம் எப்போதும் கடுஞ்சிவப்பு. 1979 முதல் அப்பகுதி உலகச் சராசரியைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வேகமாகச் சூடேறியிருக்கிறது. பனி உருகினால் இருண்ட கடல்நீர் வெளிப்பட்டு வெயிலை உறிஞ்சுகிறது. அந்தச் சூடு மேலும் பனியை உருக்குகிறது. சிவப்பு உண்மை. ஆனால் மெர்கேட்டரில் வரைந்தால் அந்தச் சிவப்பின் பரப்பு உண்மைக்கு மேல் விரியும். முந்தைய படி இங்கே உதவுகிறது.

ரெடிங் பல்கலைக்கழகத்தின் எட் ஹாக்கின்ஸ் 2018இல் பரவலாக்கிய வெப்பப் பட்டைகளை நீங்கள் பார்த்திருக்கலாம்: ஆண்டுக்கு ஒரு பட்டை, நீலத்தில் தொடங்கிச் சிவப்பில் முடியும். இந்தியாவுக்கும் தனியாக எடுக்கலாம். கண்டதும் புரியும் படம். பள்ளிச் சுவரில் ஒட்டத் தகுந்தது. அளந்து பேச வேண்டுமானால் மட்டும் எண்கள் உள்ள படத்துக்குப் போங்கள்.

எனக்கு எல்லாவற்றிலும் மேலாகப் பிடித்தது கீலிங் வளைகோடு. ஹவாயின் மௌனா லோவா எரிமலைச் சரிவில் 1958 மார்ச்சில் சார்லஸ் டேவிட் கீலிங் காற்றிலுள்ள கரியமில வாயுவை அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சம் பங்கில் 313 பங்கு இருந்தது. 2025 மே மாதச் சராசரி 430ஐத் தாண்டியது. கோடு நேராக ஏறாமல் ரம்பப் பல்போல ஏறி இறங்குவதைப் பாருங்கள். உலகின் நிலப்பரப்பும் செடிகொடிகளும் வடகோளத்தில்தான் அதிகம். அங்கே வசந்தத்திலும் கோடையிலும் இலைகள் தழைத்து வாயுவை இழுத்துக்கொள்ள, செப்டம்பர் வாக்கில் கோடு தாழ்கிறது. குளிர்காலத்தில் இலை உதிர்ந்து மக்க, மே மாதத்தில் உச்சிக்கு ஏறுகிறது. பூமி முழுவதும் ஆண்டுக்கு ஒருமுறை மூச்சிழுத்து விடுவதை ஒரு கோட்டில் பார்க்க முடிவது சாதாரண விஷயம் அல்ல.

அடுத்து ‘கூகுள் எர்த் டைம்லாப்ஸ்’ திறந்து, கஜகஸ்தானுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் நடுவே உள்ள ஆரல் கடலைத் தேடுங்கள். 1960இல் அது உலகின் நான்காவது பெரிய ஏரி. பருத்தி வயல்களுக்காக அமு தரியா, சிர் தரியா ஆறுகளைத் திருப்பியதால் வற்றத் தொடங்கியது. செயற்கைக்கோள் படங்கள் 1984இலிருந்து ஓடும்போது கரை உள்வாங்கிக்கொண்டே போகும். 2014இல் தென்பகுதியின் கிழக்கு மடல் முழுவதுமாகக் காய்ந்தது. அதோடு மூடிவிடாமல் வடக்கு மூலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். 2005இல் கஜகஸ்தான் கட்டி முடித்த கோக்-ஆரல் அணைக்குப் பிறகு அந்தச் சிறு பகுதியில் நீர் மீண்டும் தேங்கியிருக்கிறது, மீனும் திரும்பியிருக்கிறது. ஒரே ஏரியில் இரண்டு முடிவுகள்.

‘குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச்’ காட்டும் இளஞ்சிவப்புப் புள்ளிகளில் நிதானம் தேவை. அது காட்டுவது மரப்போர்வை இழப்பு. அதைக் காடழிப்பு என்று எழுதிவிடக் கூடாது. மேரிலாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் படத்தை 30 மீட்டர் சதுரங்களாகப் பிரித்துக் கணித்த தரவு அது. யூக்கலிப்டஸ் தோப்பை வெட்டினாலும் இழப்புதான். 2023இல் கனடாவில் எரிந்த காடும் இழப்புதான். அமேசானில் மாட்டுப் பண்ணைக்காக அழித்ததும் இழப்புதான். காரணத்தைக் காட்டும் அடுக்கு அதே தளத்தில் தனியாக இருக்கிறது. அதையும் திறந்துவிட்டுப் பேசுங்கள்.

காற்று எப்படி வீசுகிறது என்று பார்க்க ‘நல்ஸ்கூல் எர்த்’ தளம் உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகும்போது காற்றுக் கோடுகள் சுருளுவதை அதில் காணலாம். ஆனால் அது கணினி மாதிரி கணித்துத் தருவது. எச்சரிக்கைக்கு வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கைதான்.

படி 5: தொழில்நுட்பம் எங்கே ஓடுகிறது?

இணையம் செயற்கைக்கோள் வழியாக வருகிறது என்று நம்புபவர்கள் ஏராளம். டெலிஜியாகிரஃபி நிறுவனத்தின் கடலடிக் கேபிள் வரைபடத்தை ஒருமுறை பார்த்தால் அந்த எண்ணம் மாறும். கண்டங்களுக்கிடையே பாயும் தரவில் 95 சதவீதத்துக்கு மேல் கடலடிக் கேபிள்களில்தான் போகிறது. ஆழ்கடலில் அவற்றின் தடிமன் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாய் அளவுதான். இந்தியாவுக்கான கேபிள்கள் பெரும்பாலும் மும்பையிலும் சென்னையிலும் கரையேறுகின்றன. சென்னையிலிருந்து அந்தமானுக்கு ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளத்தில் போட்ட கேபிள் 2020 ஆகஸ்டில்தான் தொடங்கிவைக்கப்பட்டது.

அந்தப் படத்தில் டோங்காவைத் தேடுங்கள். 2022 ஜனவரியில் எரிமலை வெடித்து அந்தத் தீவுநாட்டின் ஒரே சர்வதேசக் கேபிள் அறுந்தது. சீர்செய்ய ஐந்து வாரங்களுக்கு மேல் ஆயிற்று. படத்தில் ஒற்றைக் கோடு எட்டும் ஊர்களுக்கெல்லாம் இதே ஆபத்து உண்டு என்பதை நீங்களே எண்ணிப் பார்க்கலாம். கோடுகள் தெளிவுக்காக அழகாக வளைத்து வரையப்பட்டவை. கேபிள் கிடக்கும் துல்லியமான பாதை அதுவல்ல.

இணையப் பயன்பாட்டு எண்களை சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் திரட்டுகிறது. அது 2024இல் வெளியிட்ட கணக்கில் 550 கோடிப் பேர் இணையத்தில் இருந்தார்கள். 260 கோடிப் பேர் வெளியே இருந்தார்கள். ‘இணையம் பயன்படுத்துபவர்’ என்றால் யார்? கடந்த மூன்று மாதத்தில் ஒருமுறையாவது, எந்தக் கருவியிலாவது பயன்படுத்தியவர். அடுத்த வீட்டுக் கைப்பேசியில் ஒருநாள் தேர்வு முடிவு பார்த்தவரும், வீட்டில் ஃபைபர் இணைப்பு வைத்திருப்பவரும் அந்த எண்ணில் ஒன்றே. கைப்பேசி இணைப்புகள் பல நாடுகளில் 100 பேருக்கு 100க்கு மேல் இருப்பதும் இப்படித்தான்: எண்ணப்படுவது சிம் கார்டு, ஆள் அல்ல. வரைபடத்தைவிட அதன் அடியில் இருக்கும் வரையறைக் குறிப்பை வாசிக்க அதிக நேரம் ஒதுக்குங்கள்.

படி 6: பண்பாட்டை எண்ணால் பார்ப்பது

இங்குதான் மிகுந்த கவனம் தேவை. வெப்பமானிபோல ஒரு கருவி பண்பாட்டுக்குக் கிடையாது.

மொழியிலிருந்து தொடங்கலாம். ஜெர்மனியின் லைப்சிக் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் இணையத்தில் வைத்திருக்கும் உலக மொழி அமைப்பு நிலவரைநூலில் சொல்வரிசைப் படத்தைத் திறங்கள். எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்ற நம் வரிசை ஜப்பானியத்திலும் கொரியத்திலும் துருக்கியத்திலும் எத்தியோப்பியாவின் அம்ஹாரிக்கிலும் ஆண்டிஸ் மலையின் கெச்சுவாவிலும் இருப்பதை ஒரே நிறப் புள்ளிகளாகக் காண்பீர்கள். வினையை முதலில் வைக்கும் வெல்ஷும் ஹவாய் மொழியும் வேறு நிறம். பிறகு பப்புவா நியூ கினி பக்கம் நகருங்கள். சுமார் ஒரு கோடிப் பேர் வாழும் நாட்டில் 800க்கும் மேற்பட்ட மொழிகள். ‘குளோட்டோலாக்’ தளத்தின் படத்தில் அந்த நாடு முழுக்கப் புள்ளிக் கூட்டமாகத் தெரியும்.

இப்போது அதே படத்தில் தமிழைத் தேடுங்கள். ஒரே ஒரு புள்ளி. யாழ்ப்பாணம் இல்லை, மலையகம் இல்லை, பினாங்கு இல்லை, சிங்கப்பூர் இல்லை. மொழிக்கு ஒரு புள்ளி என்பது அந்தத் தரவின் விதி. மொழிகளை எண்ண அது வசதி; பேசுபவர்கள் எங்கே வாழ்கிறார்கள் என்று அறிய அது உதவாது. நன்கு தெரிந்த ஒன்றை வரைபடத்தில் முதலில் பார்ப்பது, தெரியாதவற்றில் எது விடுபட்டிருக்கும் என்று ஊகிக்கக் கற்றுத்தரும்.

இன்னொரு பக்கம் உலக மதிப்பீடுகள் ஆய்வு. 1981இலிருந்து பல நாட்டு மக்களிடம் கடவுள், குடும்பம், வேலை, நம்பிக்கை பற்றிக் கேட்டு வருகிறார்கள். அதிலிருந்து இங்கல்ஹார்ட்டும் வெல்சலும் வரைந்த பண்பாட்டுப் படத்தில் கடலும் மலையும் கிடையாது. மரபுச் சார்பு ஓர் அச்சு, தன் வெளிப்பாட்டு விருப்பம் இன்னோர் அச்சு. நாடுகள் பதில்களின்படி அருகருகே நிற்கின்றன. சுவையான படம்தான். ஆனால் பெரும்பாலான நாடுகளில் கேட்கப்பட்டவர்கள் ஓரிரண்டு ஆயிரம் பேர். இந்தியா முழுவதும் அங்கே ஒரு புள்ளி. ‘இந்தியர்கள் இப்படித்தான்’ என்று அதை வைத்துச் சொல்லிவிடாதீர்கள். அதற்கு மருந்தாக அன்னா ரோஸ்லிங் உருவாக்கிய ‘டாலர் ஸ்ட்ரீட்’ பாருங்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளின் வீடுகளை வருமான வரிசையில் அடுக்கி, அடுப்பு, பல்துலக்கி, கழிப்பறை என்று படம் படமாகக் காட்டுகிறது. ஒரே வருமானம் உள்ள இரு நாட்டு அடுப்பங்கரைகள் எத்தனை ஒத்துப்போகின்றன என்பது எந்தச் சராசரியிலும் வராத செய்தி.

படி 7: உங்கள் முதல் வரைபடம்

உலக நாடுகளில் இணையம் பயன்படுத்துவோர் சதவீதத்தை வரைவோம். கணினியில் செய்வது எளிது.

உலக வங்கியின் தரவுத் தளத்தில் இந்தக் குறிகாட்டியைத் தேடி, சிஎஸ்வி கோப்பாகப் பதிவிறக்குங்கள். சுருக்கப்பட்ட கோப்பை விரித்தால் உள்ளே மூன்று கோப்புகள் இருக்கும். ‘ஏபிஐ’ என்று பெயர் தொடங்குவதுதான் தரவு. கூகுள் ஷீட்ஸில் திறங்கள். எக்செல்லில் நேரடியாகத் திறந்தால் நீங்கள் பிறகு சேர்க்கும் தமிழ் எழுத்துகள் சிதையக்கூடும். அப்படியானால் தரவு இறக்குமதி வழியாகச் சென்று யுடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதல் நான்கு வரிகளை நீக்குங்கள். அவை தரவு அல்ல. ஆண்டுகள் 1960இலிருந்து நெடுவரிசைகளாக நிற்கும். கடைசி ஆண்டில் பல நாடுகளுக்குக் கட்டம் காலியாக இருக்கும். அதனால் பெரும்பாலானவை நிரம்பியுள்ள சமீப ஆண்டு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நாட்டின் பெயர், மூன்றெழுத்துக் குறியீடு, அந்த ஆண்டு ஆகிய மூன்று நெடுவரிசைகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்துவிடலாம்.

பட்டியலில் தெற்காசியா, உயர் வருமான நாடுகள் என்ற தொகுப்புகளும் நாடுகளோடு கலந்திருக்கும். கூடவே வந்த நாட்டு விவரக் கோப்பில் எந்த வரிக்கு வட்டாரம் காலியாக இருக்கிறதோ அது தொகுப்பு. நீக்கிவிடுங்கள்; இல்லையென்றால் நீங்கள் போடும் எந்தச் சராசரியும் தவறும்.

இனி ‘டேட்டாராப்பர்’ தளத்தில் புதிய வரைபடம் தொடங்கி, நிறம் தீட்டும் உலகப் படத்தைத் தேர்ந்தெடுத்து அட்டவணையை ஒட்டுங்கள். நாடுகளைப் பொருத்த மூன்றெழுத்துக் குறியீட்டையே பயன்படுத்துங்கள். பெயரால் பொருத்தினால் தென்கொரியாவும் எகிப்தும் விடுபடக்கூடும். உலக வங்கி அவற்றை வேறு விதமாக எழுதுகிறது.

அளவு கூடுவதைக் காட்ட ஒரே நிறத்தின் வெளிர், அடர் சாயல்கள் போதும். நடுவில் சுழியம் உள்ள வெப்பநிலை வேறுபாடு போன்றவற்றுக்குத்தான் இரு நிறம் வேண்டும். சிவப்பையும் பச்சையையும் எதிரெதிரே வைக்காதீர்கள். ஆண்களில் கணிசமானோருக்கு அவற்றைப் பிரித்தறிவது கடினம். சிந்தியா புரூவர் உருவாக்கிய ‘கலர்புரூவர்’ தளத்தில் பொருத்தமான சாயல்கள் கிடைக்கும். தரவு இல்லாத நாட்டுக்குச் சாம்பல் நிறம் கொடுங்கள். வெளிர் நிறம் கொடுத்தால் அங்கே இணையமே இல்லை என்று பொருளாகிவிடும்.

இனி வகுப்புகளைப் பிரிக்க வேண்டும். 0–20, 20–40 என்று சம இடைவெளியில் பிரிக்கலாம். ஒவ்வொரு நிறத்திலும் சம எண்ணிக்கை நாடுகள் வருமாறும் பிரிக்கலாம். இரண்டையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். தரவில் ஓர் எண்கூட மாறாமல் படம் மாறும். இந்தியா எந்த நிறத்திலிருந்து எந்த நிறத்துக்குத் தாவுகிறது என்று கவனியுங்கள். பிறர் வரைந்த படங்களை வாசிக்க இதைவிடச் சிறந்த பயிற்சி கிடையாது. சதவீதம் போன்ற எண்களுக்குச் சம இடைவெளியையே நான் பரிந்துரைப்பேன்; வாசகருக்கு விளக்கம் தேவைப்படாது.

படி 8: வெளியிடுவதற்கு முன்

தலைப்பிலேயே அளவும் ஆண்டும் இருக்கட்டும். அடியில் தரவு தந்த நிறுவனத்தின் பெயரை எழுதுங்கள். உலக வங்கித் தரவையும் ‘அவர் வேர்ல்ட் இன் டேட்டா’ படங்களையும் பெயர் குறிப்பிட்டால் எவரும் பயன்படுத்தலாம் என்பதே அவற்றின் உரிமம்.

இந்தியாவிலிருந்து வெளியிடுவோர் எல்லைக்கோட்டில் விழிப்பாக இருக்க வேண்டும். வெளிநாட்டுத் தளங்களின் உலகப் படங்கள் பலவற்றில் காஷ்மீர் வேறு விதமாக வரையப்பட்டிருக்கும். இந்திய நில அளவைத் துறையின் வரைபடத்தோடு ஒத்துப்போகாத எல்லையை வெளியிடுவது சட்டப்படி குற்றம். இந்திய எல்லைப்படி வரைந்த அடிப்படம் கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைக்காவிட்டால் ‘கியூஜிஐஎஸ்’ என்ற இலவச மென்பொருளில் அதிகாரபூர்வ எல்லைக் கோப்பைச் சேர்த்து வரையலாம். முதல் வாரத்தில் அது சற்று மிரட்டும். பழகினால் வேறு கருவி வேண்டியிருக்காது.

பதிவிறக்கிய மூலக் கோப்பைத் திருத்தாமல் தனியே வைத்து, பெயரோடு தேதியையும் சேர்த்துச் சேமியுங்கள். தரவு தரும் நிறுவனங்கள் பழைய ஆண்டுகளின் எண்களையும் அவ்வப்போது திருத்துகின்றன. ஆறு மாதம் கழித்து ஒருவர் உங்கள் படத்தில் ஓர் எண் மாறியிருக்கிறதே என்று கேட்டால், எந்த நாளின் தரவு அது என்று அந்தக் கோப்பைத் திறந்து காட்டலாம்.